சப்போட்டா நிறத்தில் ஓர் ஆப்பிள்: எக்ரமான்ட் ரஸெட் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அக்டோபர் மாதம் லண்டனில் ஏதாவது ஒரு வாரச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கும் ஆப்பிள்களுக்கு நடுவே ஒரு பெட்டி மட்டும் மங்கிக் கிடக்கும். தொட்டால் சொரசொரப்பு. நிறம் அப்படியே நம் ஊர் சப்போட்டா. அழுகல் என்று நினைத்துப் பலரும் நகர்ந்துவிடுவார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் கடந்து போனேன். மூன்றாம் வருடம் ஒரு பெரியவர் கத்தியால் ஒரு கீற்று வெட்டி என் கையில் வைத்தார். தந்த நிறச் சதை. முதலில் இனிப்பு, அடுத்து மெல்லிய புளிப்பு, விழுங்கிய பிறகு வறுத்த கொட்டையின் வாசம். அன்று மாலையே அந்த மரத்தை என் தோட்டத்தில் வைப்பதென்று முடிவெடுத்தேன்.

அந்தப் பழத்தின் பெயர் எக்ரமான்ட் ரஸெட். இங்கிலாந்தின் பழைய பாரம்பரிய ரகங்களில் ஒன்று. பிரிட்டனிலும் அதுபோன்ற குளிர்நாடுகளிலும் குடியேறி, வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். மண்வெட்டியைத் தொட்டுப் பழகாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. அவசரப்படாமல் இருந்தால் போதும்.

முதலில் மரத்தைப் பற்றி

இங்கிலாந்தில் ஆப்பிளை இரண்டாகப் பிரிப்பார்கள். பிராம்லி போன்றவை சமையல் ஆப்பிள். கடும் புளிப்பு, வேகவைத்தால் கூழாகக் கரையும். மரத்திலிருந்து பறித்து அப்படியே கடித்துத் தின்பது டெசர்ட் ஆப்பிள். எக்ரமான்ட் ரஸெட் இரண்டாவது வகை. 1872-இல் இந்த ரகம் முதன்முதலாகப் பதிவானது. சசெக்ஸ் மாவட்டத்தின் பெட்வர்த்தில், எக்ரமான்ட் பிரபுக்களின் தோட்டத்தில் தோன்றியிருக்கும் என்பது வழக்கில் உள்ள நம்பிக்கை.

தோலில் உள்ள அந்தப் பழுப்பு, நோய் அல்ல. பழத்தின் மேல்தோல் செல்கள் தக்கையாக மாறுவதால் வரும் இயற்கையான படலம். உருளைக்கிழங்கின் தோலும் ஏறக்குறைய இப்படித்தான் உருவாகிறது. விக்டோரியா காலத்து விருந்து மேசைகளில் ரஸெட் ஆப்பிள்களுக்குத் தனி மரியாதை இருந்தது. பிற்காலத்தில் பெரிய அங்காடிகள் பளபளப்பைத் தேடியதால் அவை பின்னால் தள்ளப்பட்டன. ருசி குறைந்து அல்ல, தோற்றத்தால் ஒதுக்கப்பட்ட பழம் இது.

ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஆப்பிளை விதையால் காப்பாற்ற முடியாது. எக்ரமான்ட் ரஸெட் விதையை ஊன்றினால் முளைப்பது வேறொரு ஆப்பிள். பெரும்பாலும் புளிப்பான, சிறிய காய். கிளையை வெட்டி இன்னொரு வேரில் ஒட்டினால்தான் அதே பழம் வரும். ஒட்டு மாங்கன்று வாங்கியவர்களுக்கு இது புதிதில்லை. ஆக, இன்று உலகில் உள்ள ஒவ்வொரு எக்ரமான்ட் ரஸெட் மரமும் அந்த முதல் மரத்தின் உடம்பிலிருந்து பிரிந்த ஒரு துண்டுதான். கென்ட் மாவட்டம் ஃபாவர்ஷாமில் உள்ள தேசியப் பழச் சேகரிப்பில் 2,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்களை மரமாகவே வைத்துக் காப்பது இதனால்தான். பழைய ரகம் உயிரோடிருக்க யாரோ ஒருவர் அதை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு ஒத்துவருமா?

ஆப்பிள் மரத்துக்குக் குளிர்கால உறக்கம் கட்டாயம். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் கழித்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகள், வடக்கு ஐரோப்பா ஆகிய இடங்களில் இந்தக் குளிர் தானாகவே கிடைக்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்காது. ஆகவே ஆசைப்பட்டு ஊருக்குக் கன்று எடுத்துப் போக வேண்டாம். இலை வரும், பழம் வராது.

படி 1: இடம் பார்த்தல்

கோடையில் ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். பழத்தில் இனிப்பு ஏறுவது வெயிலால்தான். தெற்கு அல்லது மேற்கு பார்த்த பகுதி நல்லது.

அடுத்துத் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். லண்டன் களிமண்ணில் இது அடிக்கடி நடக்கும். வேறு இடம் இல்லையென்றால் மண்ணை மேடாக்கி, மேட்டின் மேல் நடலாம். மண்ணின் கார அமில அளவு 6.5-ஐ ஒட்டி இருந்தால் சிறப்பு. மண் பரிசோதனைப் பெட்டி தோட்டக் கடைகளில் கிடைக்கும்.

பள்ளத்தைத் தவிருங்கள். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே பள்ளத்தில் இறங்கித் தேங்கும்; ஏப்ரல் பூக்களை உறைபனி அங்கேதான் முதலில் கருக்கும். பழைய ஆப்பிள் மரம் பட்டுப்போன அதே குழியிலும் நடக்கூடாது. அந்த மண்ணில் தங்கியிருக்கும் கிருமிகள் புதுக் கன்றை வளரவிடாது.

படி 2: வேர்ச்செடியைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. மரம் எவ்வளவு உயரம் வளரும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது மேலே உள்ள ரகம் அல்ல, கீழே உள்ள வேர். கென்ட்டின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் 1913-இல் தொடங்கியது. அதுவரை பெயர் குழம்பிக் கிடந்த வேர்ச்செடிகளைப் பிரித்து எண் கொடுத்தவர்கள் அவர்கள்தான். கன்றின் சீட்டில் உள்ள "எம்" என்ற எழுத்து மாலிங்கைக் குறிக்கிறது.

* எம் 27: மிகவும் குட்டை, சுமார் 1.5 முதல் 2 மீட்டர். வளமான மண், நிரந்தர முட்டுக்கம்பு, இடைவிடாத கவனிப்பு தேவை.
* எம் 9: சுமார் 2 முதல் 3 மீட்டர். சீக்கிரம் காய்க்கும். வேர் முறியக்கூடியது என்பதால் ஆயுள் முழுவதும் முட்டு வேண்டும்.
* எம் 26: சுமார் 2.5 முதல் 3.5 மீட்டர். சுமாரான மண்ணிலும் வளரும். தொட்டிக்கும் ஏற்றது.
* எம்எம் 106: சுமார் 4 மீட்டரும் அதற்கு மேலும். புல்வெளியின் நடுவே தனி மரமாக நிற்கும். கம்பளி அசுவினியைத் தாங்கும் குணம் உண்டு.

சாதாரண வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்வது எம் 26. ஏணி இல்லாமல் பறிக்கலாம், குழந்தைகளுக்கும் எட்டும். மாடி முகப்பில் தொட்டியில் வைப்பதானால் 45 முதல் 50 செ.மீ. அகலத் தொட்டியும் இதே வேர்ச்செடியும் போதும். ஆனால் தொட்டி மரத்துக்குக் கோடையில் தினமும் தண்ணீர் தேவைப்படலாம்.

படி 3: துணை மரம் உண்டா?

பெரும்பாலான ஆப்பிள்கள் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. எக்ரமான்ட் ரஸெட் தனியாக நின்றும் ஓரளவு காய்க்கும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் நிறையக் காய்க்கும். ஒரே காலத்தில் பூக்கும் ரகமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பூக்கும் காலத்தை வைத்து நர்சரிக்காரர்கள் ரகங்களைக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். நம் மரம் 2-ஆம் குழு, அதாவது முன்கூட்டியே பூப்பது. லார்ட் லம்போர்ன், ஐடாரெட் ஆகியவை அதே குழு. அடுத்த குழுவான 3-இல் உள்ள ஜேம்ஸ் கிரீவ், டிஸ்கவரி ஆகியவையும் பூக்கும் நாட்களில் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது மரத்துக்கு இடமில்லையா? வேலிக்கு மேலே எட்டிப் பாருங்கள். அண்டை வீடுகளில் ஆப்பிளோ, அலங்காரத்துக்கு வைக்கும் கிராப் ஆப்பிளோ இருந்தால் தேனீக்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிராம்லியை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் மகரந்தம் பயன்படாது.

படி 4: கன்று வாங்குதல்

நவம்பர் முதல் மார்ச் வரை மண் இல்லாமல், வெறும் வேரோடு கன்று விற்பார்கள். "பேர் ரூட்" என்று கேளுங்கள். தொட்டிக் கன்றைவிட விலை குறைவு, ரகங்களும் அதிகம், வேரும் வளைந்து சுற்றியிருக்காது. பழமர நர்சரிகளில் கோடையின் இறுதியிலேயே முன்பதிவு செய்வது நல்லது. பழைய ரகங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரு வயதுக் கன்று வாங்குங்கள். பென்சிலைவிடச் சற்றே தடித்த குச்சிபோல் இருக்கும். பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பெரிய மரமாக வாங்கினால் சீக்கிரம் பழம் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் இளங்கன்றுதான் புது மண்ணில் விரைவாக வேர் பிடிக்கும், விரும்பிய வடிவுக்கும் வளையும். சீட்டில் ரகத்தின் பெயர், வேர்ச்செடியின் எண் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேர்ச்செடி எண் இல்லாத கன்றை வாங்க வேண்டாம்.

படி 5: நடவு

மண் உறைந்திருக்கும் நாளிலும் சேறாக இருக்கும் நாளிலும் நடாதீர்கள். கன்று வந்த அன்றே நட முடியாவிட்டால், ஒரு சாய்வான பள்ளத்தில் வேரை மண்ணால் மூடி வைத்தால் சில வாரம் தாங்கும். வேர் மட்டும் காயக்கூடாது.

1. நடுவதற்கு முன் வேரை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். முறிந்த வேர் நுனிகளைச் சுத்தமாக நறுக்குங்கள்.
2. வேர்ப் பரப்பைப்போல் 3 மடங்கு அகலத்தில் குழி எடுங்கள். ஆழம் வேர் உட்காரும் அளவுக்கு மட்டும். களிமண்ணில் குழியின் சுவரைத் தோட்ட முட்கரண்டியால் குத்திவிடுங்கள். இல்லையென்றால் பானைக்குள் வைத்ததுபோல் வேர் அடைபட்டுப் போகும்.
3. முட்டுக்கம்பை முதலில் அடியுங்கள், கன்றை அடுத்து வையுங்கள். மாறிச் செய்தால் கம்பு வேரைக் கிழிக்கும்.
4. தோண்டிய அதே மண்ணால் மூடுங்கள். குழிக்குள் தொழு உரம் போடுவது நம் ஊர்ப் பழக்கம், இங்கே வேண்டாம். உரம் மட்கி மண் இறங்கும்போது கன்றும் ஆழத்துக்குப் போய்விடும்.
5. வேர்களுக்கு இடையே மண் இறங்கும்படி கன்றை மெல்ல உலுக்கி, குதிகாலால் மிதித்து இறுக்குங்கள். 2 வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.
6. மிருதுவான பட்டையால் கம்போடு கட்டுங்கள். தண்டுக்கும் கம்புக்கும் நடுவே இடைவெளி விடுங்கள்.

தண்டின் அடியில் ஒரு முண்டு தெரியும். ரகத்தையும் வேரையும் ஒட்டிய இடம் அது. அந்த முண்டு மண்ணுக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். என் முதல் மரத்தில் இதைத் தவறவிட்டேன். காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று ஆழமாக நட்டு, முண்டுக்கு மேலும் மண் அணைத்தேன். மேல் பகுதி தானே சொந்த வேர் விட்டுவிட்டது. குட்டையாக வைக்கும் வேரின் கட்டுப்பாடு போய், 6 வருடத்தில் மரம் கூரையைத் தொட்டது. பூ மட்டும் வரவில்லை. கடைசியில் வெட்ட வேண்டியதாயிற்று. நடும்போது ஓர் அளவுகோலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

படி 6: முதல் 2 வருடம்

தண்டைச் சுற்றி 1 மீட்டர் வட்டத்தில் புல் இருக்கக்கூடாது. இளங்கன்றின் தண்ணீரையும் சத்தையும் புல் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். அந்த வட்டத்தில் மட்கிய குப்பையோ மரச்சீவலோ 7 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விடுங்கள். தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும்.

இங்கிலாந்தில்தான் மழை பெய்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை மழை இல்லாத வாரங்களில் வாரம் ஒரு முறை 20 லிட்டர் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரம் ஒரு முறை ஆழமாக நனைப்பது மேல்; வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும்.

உரம் அளவோடு. பிப்ரவரி கடைசியில் பொது உரம் ஒரு கைப்பிடி, மேலே மூடாக்கைப் புதுப்பித்தல், இவ்வளவு போதும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், அசுவினி மொய்க்கும், பழம் கெடும்.

முதல் வருடம் பூத்துப் பிஞ்சு விட்டால் அத்தனையையும் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் அந்த வருடம் மரத்தின் பலம் வேருக்குப் போக வேண்டும். இரண்டாம் வருடம் நாலைந்து காய் விடலாம்.

படி 7: கவாத்து

கவாத்துக்குக் காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. இலை இல்லாததால் எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும். நோக்கம் ஒன்றுதான்: மரத்தைக் கிண்ணம்போல் நடுவே திறந்து வைத்து, வெயிலும் காற்றும் உள்ளே போக வழி செய்வது.

முதல் குளிர்காலம்: நட்டவுடன் குச்சியைத் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். கீழே குறைந்தது 4 நல்ல மொட்டுகள் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியதைப் பாதியாக வெட்டுவதா என்று கை தயங்கும். வெட்டினால்தான் கிளை பிரியும்.

இரண்டாம் குளிர்காலம்: கிளைகளில் அகலமான கோணத்தில் விரிந்த 4 கிளைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். வைத்ததைப் பாதி நீளத்துக்கு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

மூன்றாம் குளிர்காலம்: அந்த 4 கிளைகளும் பிரிந்து 8 அல்லது 10 ஆகியிருக்கும். புது வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். நடுவே குறுக்காகப் போவதை நீக்குங்கள்.

அதற்குப் பிறகு: காய்ந்தது, நோய் பட்டது, ஒன்றோடொன்று உரசுவது என மூன்றையும் முதலில் எடுங்கள். மீதியில் நெருக்கத்தை மட்டும் குறையுங்கள். ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். அதிகம் வெட்டினால் மரம் கோபித்துக்கொண்டதுபோல் நேர்க்குத்தாகக் குச்சிகளைத் தள்ளும். அவற்றில் பழம் வராது.

வெட்டும் முன் மொட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒல்லியாக, கூர்மையாக, குச்சியோடு ஒட்டிப் படுத்திருந்தால் அது இலை மொட்டு. பருத்து, உருண்டு, மேலே மெல்லிய பூனைமுடி படர்ந்திருந்தால் அது பூ மொட்டு. எக்ரமான்ட் ரஸெட்டில் பூ மொட்டுகள் கிளை நெடுகக் குட்டையான காய்க்கணுக்களில் கொத்தாக உட்கார்ந்திருக்கும். குட்டைக் குச்சி என்று வெட்டிவிடாதீர்கள். அடுத்த அக்டோபரின் பழம் அதற்குள்தான் இருக்கிறது.

இந்தக் குணத்தால் இந்த ரகம் வேலிக்கும் சுவருக்கும் பொருத்தமானது. கன்றை 45 டிகிரி சாய்த்து நட்டு, பக்கக் கிளைகளைக் குறுக்கிக்கொண்டே வந்தால் மரம் ஒற்றைத் தண்டாக வளரும். கோர்டன் என்று பெயர். 75 முதல் 90 செ.மீ. இடைவெளியில் ஒன்று நடலாம். 4 மீட்டர் வேலியில் 4 ரகங்கள் அடங்கிவிடும். இந்த வடிவத்துக்கு மட்டும் முக்கியக் கவாத்து ஆகஸ்ட் மாதத்தில்.

படி 8: பூ, பனி, பிஞ்சு

ஏப்ரலில் இளஞ்சிவப்பு மொட்டுகள் விரிந்து வெள்ளையாகும். தேனீக்கள் வரும் அந்த நாட்களில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். வெப்பம் மைனஸ் 2 டிகிரிக்கு இறங்கினால் விரிந்த பூ கருகும். வானிலை அறிக்கையில் உறைபனி என்றால் மாலையிலேயே தோட்டத் துணியால் மரத்தைப் போர்த்தி, காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். மூடியிருந்தால் தேனீ உள்ளே போக முடியாது.

ஜூன் கடைசியில் பிஞ்சுகள் தாமாகவே உதிரும். பயப்பட வேண்டாம்; தாங்க முடிந்த அளவுக்கு மரமே கணக்குப் போட்டுக் குறைத்துக்கொள்கிறது. உதிர்வு நின்ற பிறகு உங்கள் முறை. ஒவ்வொரு கொத்திலும் ஒரு காயை விட்டு மற்றதை எடுங்கள். காய்க்கும் காய்க்கும் நடுவே 10 முதல் 15 செ.மீ. இருக்கட்டும். இதைச் செய்யாத மரம் இந்த வருடம் சின்னச் சின்னக் காய்களாகச் சுமந்து, அடுத்த வருடம் ஓய்வெடுத்துவிடும்.

படி 9: நோயும் பூச்சியும்

ஆப்பிளைத் தாக்கும் சொறி நோய்க்கு எக்ரமான்ட் ரஸெட் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க அதுவே பெரிய காரணம். புகழ்பெற்ற காக்ஸ் ஆரஞ்ச் பிப்பின் ருசியில் அரசன் என்றாலும் சொறி, சாம்பல் நோய், கேன்கர் எல்லாம் தேடி வரும்.

கசப்புப் புள்ளி: இந்த ரகத்தின் பலவீனம் இதுதான். தோலில் சிறு குழிகளும், கீழே பழுப்புத் திட்டுகளும் வரும். அந்த இடம் கசக்கும். பழத்துக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததே காரணம். மண்ணில் சத்து இருந்தாலும் தண்ணீர் விட்டு விட்டுக் கிடைத்தால் பழம் வரை ஏறாது. சீரான தண்ணீரும் மூடாக்கும்தான் முதல் மருந்து.

காட்லிங் அந்துப்பூச்சி: பழத்தைத் துளைத்து நடுவே போகும் புழுவின் தாய் இதுதான். மே மாதம் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றைக் கிளையில் தொங்கவிடுங்கள். ஆண் பூச்சிகள் பசையில் ஒட்டிக்கொள்ளும். புழு விழுந்த காய்களை உடனுக்குடன் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

குளிர்கால அந்துப்பூச்சி: பெண் பூச்சிக்குப் பறக்க இறக்கை இல்லை, தண்டு வழியாகத்தான் ஏறும். அக்டோபரில் தண்டையும் முட்டுக்கம்பையும் சுற்றிப் பசைப்பட்டை கட்டினால் வழியிலேயே நின்றுவிடும்.

கம்பளி அசுவினி: கிளைப் பிளவுகளில் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும். பழைய பல் தேய்ப்பானும் சோப்புத் தண்ணீரும் போதும்.

கேன்கர்: பட்டை உள்வாங்கி வட்டம் வட்டமாகப் புண் விழும். கீழே நல்ல மரம் தெரியும் வரை வெட்டி எடுத்து, வெட்டியதைத் தோட்டத்தில் போடாதீர்கள். இலையுதிர்காலத்தில் விழுந்த இலைகளைக் கூட்டி அள்ளினால் சொறி நோய் பரவுவது குறையும்.

படி 10: பறித்தலும் வைத்தலும்

எம் 26 வேரில் உள்ள மரம் 2, 3 வருடத்தில் ருசி காட்டத் தொடங்கும். பறிக்கும் காலம் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் முதல் பாதி வரை. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, லேசாகத் தூக்கித் திருப்புங்கள். காம்போடு கையில் வந்து விழுந்தால் முற்றியது. இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். முற்றிய பழத்தை வெட்டிப் பார்த்தால் விதை பழுப்பாகியிருக்கும்.

பறித்தவுடனேயே உண்ணலாம். ஆனால் இரண்டு வாரம் குளிர்ந்த இடத்தில் வைத்த பிறகுதான் அந்தக் கொட்டை வாசம் முழுதாக எழும். டிசம்பர் வரை தாங்கும். பழுப்புத் தோலின் வழியே ஈரம் எளிதில் வெளியேறுவதால் ரஸெட் சீக்கிரம் சுருங்கும். ஆகவே சில துளைகள் இட்ட பாலிதீன் பைகளில் போட்டு, குளிர்ந்த இருட்டறையில் வையுங்கள். அடிபட்ட பழத்தைச் சேர்க்காதீர்கள்; ஒன்று அழுகினால் பை முழுவதும் போகும். வெங்காயம், உருளைக்கிழங்குப் பக்கம் வேண்டாம். அந்த வாடை ஏறிவிடும்.

மாதக் கணக்கு

* டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: நடவு, கவாத்து.
* மார்ச்: உரம் போட்டு முடித்தல், மூடாக்கு.
* ஏப்ரல்: உறைபனியைக் கவனித்தல்.
* மே: அந்துப்பூச்சிப் பொறி, தண்ணீர் தொடக்கம்.
* ஜூன் கடைசி, ஜூலை: பிஞ்சு கலைத்தல்.
* ஆகஸ்ட்: கோர்டன் வடிவ மரங்களுக்குக் கவாத்து.
* செப்டம்பர், அக்டோபர்: பறித்தல், பசைப்பட்டை கட்டுதல்.
* நவம்பர்: நடவுத் தொடக்கம், இலை அள்ளுதல், கட்டுகளைத் தளர்த்துதல்.

கைமாற்றிக் கொடுங்கள்

மரத்துக்கு 5 வயதானதும் அதிலிருந்து இன்னொரு மரம் பிறக்க வையுங்கள். ஜனவரியில், போன வருடம் வளர்ந்த பென்சில் பருமன் குச்சியை வெட்டி, ஈரத்தாளில் சுற்றிப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டியில் பழங்கள் இருக்கக் கூடாது; அவற்றிலிருந்து வரும் வாயு மொட்டுகளைக் கெடுத்துவிடும். மார்ச்சில், நட்டு வைத்த ஒரு வேர்ச்செடியின் தண்டைச் சாய்வாகச் சீவி, குச்சியையும் அதே சாய்வில் சீவி, இரண்டின் பச்சைப் பட்டையும் ஒன்றையொன்று தொடும்படி பொருத்தி, பட்டையால் இறுகக் கட்டுங்கள். வெட்டுப் பட்ட இடத்தை மெழுகால் மூடுங்கள். மே மாதம் மொட்டு விரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது என்று பொருள். இத்தனை பழைய ரகத்துக்கு யாருடைய உரிமையும் கிடையாது. யாரும் ஒட்டலாம், யாருக்கும் கொடுக்கலாம்.

இந்த மண்ணில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒட்டு மாமரம் காட்ட முடியாமல் போகலாம். ஆனால் ஒட்டு என்றால் என்ன என்று சொல்லித் தர ஓர் ஆப்பிள் மரம் போதும். 1990 முதல் பிரிட்டனில் அக்டோபர் 21 ஆப்பிள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்தில் உங்கள் பகுதியில் பழைய ரகங்களை ருசி பார்க்க வைக்கும் தோட்டம் ஏதாவது இருக்கும். குடும்பத்தோடு போங்கள். சொரசொரப்பான அந்தப் பழுப்புப் பழத்தைத் தேடி ஒரு கீற்று வாங்கிச் சுவையுங்கள். பிடித்திருந்தால் அன்றே கன்றுக்குச் சொல்லி வையுங்கள். நடவுக் காலம் நவம்பரில் தொடங்கிவிடும்.